மஞ்சள் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்

பிள்ளைகளின் கலர் பெட்டியில் ஈயம் போன்ற நச்சு உலோகம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டியவை மஞ்சளும் ஆரஞ்சும். வெயிலில் எளிதில் வெளுக்காத பளிச்சென்ற மஞ்சளை மலிவாகத் தருவது லெட் குரோமேட். ஈயமும் குரோமியமும் சேர்ந்த உப்பு அது. அதோடு நீலம் சேர்த்துப் பச்சையும் செய்வார்கள்.

ஓவியர்கள் வாங்கும் ட்யூபின் பின்பக்கம் நிறமிக் குறியீடு அச்சிட்டிருக்கும். பி.ஒய். 34, பி.ஆர். 104, பி.டபிள்யூ. 1 என்றிருந்தால் ஈயம், பி.ஒய். 35, பி.ஒய். 37, பி.ஆர். 108 என்றிருந்தால் இன்னொரு நச்சு உலோகமான காட்மியம். பெரியவர்கள் வரைந்து மீந்த ட்யூபைப் பிள்ளைக்குக் கொடுக்கும் முன் இதைக் கட்டாயம் பாருங்கள். பெயரோடு ‘ஹ்யூ’ என்று சேர்ந்திருந்தால், அந்த நிறமி இல்லாமல் அதே சாயலில் செய்தது என்று பொருள்.

பள்ளிப் பிள்ளைகளின் பெட்டிகளில் பெரும்பாலும் குறியீடே இருக்காது. விரலால் தொட்டு வரையும் விரல் வண்ணம் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், பொம்மைப் பாதுகாப்புக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 9873-உம் தேடுங்கள். வண்ணத்தை 37 டிகிரி சூட்டில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் குலுக்கி, இன்னொரு மணி நேரம் அசையாமல் வைத்து, கரைந்து வந்த உலோகத்தை அளப்பதுதான் அந்தத் தரத்தின் சோதனை. விழுங்கினால் வயிற்றில் நடப்பதற்கு ஈடு. பொதுவான பொம்மைப் பூச்சில் கிலோவுக்கு 90 மில்லிகிராம் ஈயம் வரை விடுவார்கள். விரல் வண்ணத்துக்கு 25தான், ஏனென்றால் அது நேரே வாய்க்குப் போகும்.

ஈயம் தோல் வழியாக அதிகம் ஏறாது, வாய்தான் வழி. பிரஷ் முனையை நக்கிக் கூராக்குவது, பென்சிலின் மேல்பூச்சைக் கடிப்பது, நகக்கண்ணில் கலரோடு சோறு பிசைவது எல்லாம் அதில் அடக்கம். விழுங்கிய ஈயத்தில் பாதி வரை சிறு பிள்ளையின் உடம்பில் சேரலாம். பெரியவர்களுக்குப் பத்தில் ஒரு பங்குதான். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த பிள்ளைக்கு இன்னும் கூடுதலாக ஏறும். சேர்ந்தது எலும்பில் தங்கி மெல்ல மெல்ல இரத்தத்துக்கு வரும். மூளை வளரும் வயதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை.

சானிடைசர் ஈயத்தை அகற்றாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், நகத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பேஸ்டல் தூளைப் பெருக்கினால் காற்றில் பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். பிரஷ் அலசச் சமையலறை டம்ளர் வேண்டாம்.

க்ரேயானோ பூச்சோ தின்னும் பழக்கமிருந்தால், அறிகுறிக்குக் காத்திராமல் இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள். விரல் நுனியில் எடுத்த சொட்டில் தோலின் அழுக்கு கலந்து கூடுதலாகக் காட்டக்கூடும். அப்படி வந்தால் கையின் இரத்தக்குழாயில் இரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும்.