அம்மாவின் யன்னலுக்கு எதிரே: மதிலில் செடி வளர்த்த எட்டு மாதம்

எங்கள் சமையலறை யன்னலைத் திறந்தால் எட்டடி தூரத்தில் மதில். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் கீழ்மாடி வீடு எங்களுடையது. மதில் பதினாறடி நீளம், ஆறரை அடி உயரம், மழைக்குக் கறுத்துப்போன சீமெந்துப் பூச்சு. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு வந்து இருந்து இரண்டு வருஷமாகிறது. ஊரில் அவர் விடிய எழும்பிக் கண் திறந்தால் தெரிவது வேலி. கிளுவைக் கதியால், இடையிடையே பூவரசு, மழை விழுந்து ஒரு கிழமையில் முழுக்கப் பச்சை. அப்படி உயிரோடு நிற்கும் எல்லையைப் பார்த்து வளர்ந்தவருக்கு இந்த மதிலைப் பார்த்துக்கொண்டு தேங்காய் துருவுவது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் பிந்தித்தான் உறைத்தது. "பிள்ளை, இந்தப் பக்கம் ஒண்டும் முளைக்காதோ?" என்று ஒருநாள் கேட்டார். போன டிசம்பரில் தொடங்கினேன்.

முதலில் செய்தது துணிப் பை. கம்பளி போன்ற கறுத்தத் துணியில் வரிசையாகப் பைகள் தைத்து வரும், ஆணியில் தொங்கவிட்டால் போதும். இந்த ஆசை வந்தது பாரிஸில் உள்ள கே பிரான்லி அருங்காட்சியகத்தின் படத்தைப் பார்த்து. 2006இல் திறந்த கட்டடம் அது. அதன் வெளிச்சுவர் ஒன்றை பட்ரிக் பிளாங் என்ற தாவரவியலாளர் மண்ணே இல்லாமல் செடியால் மூடியிருக்கிறார். இரும்புச் சட்டம், அதில் பிளாஸ்ரிக் தகடு, அதன்மேல் துணி, துணி வழியே சத்துநீர் கசிந்து இறங்கும். தகடும் சட்டமும் இருப்பதால் ஈரம் சுவருக்குப் போகாது. நான் பையை நேரே மதிலில் அறைந்தேன். மூன்று கிழமையில் பைக்குப் பின்னால் பூச்சு பொருமிக் கையோடு வந்தது. இது பக்கத்து வீட்டுக்கும் பொதுவான மதில். அந்த வீட்டு அன்ரியிடம் போய் நடந்ததைச் சொல்லி, பையைக் கழற்றி, அந்த இடத்தைத் திரும்பப் பூசிக் கொடுத்தேன்.

அதன்பிறகுதான் வெல்டிங் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் மதிலை விரலால் தட்டிப் பார்த்தார். "தம்பி, இது உள்ளுக்கு ஓட்டைக் கல். ட்ரில் போட்டுப் பிளக் அடிச்சா இண்டைக்கு நிக்கும், பாரம் ஏற ஏறக் கழண்டு வரும். பாரத்தை நிலத்துக்குக் குடுங்க" என்றார். நான் கேட்ட பேச்சிலேயே மிகப் பயனுள்ளது அது. ஒன்றரை அங்குலப் பொக்ஸ் பாரில் (பெட்டி வடிவ இரும்புக் குழாய்) கால் வைத்த சட்டம் செய்தோம். கால்கள் நிலத்தில் சின்னக் கொங்கிறீட் கட்டியில் நிற்கின்றன. மதிலில் தொடுவது இரண்டே இடம், கொங்கிறீட் தூண் இருக்கும் இடங்களில் மட்டும், அதுவும் சட்டம் முன்னால் சாயாமல் பிடிக்க. சட்டத்துக்கும் மதிலுக்கும் இடையில் மூன்று அங்குல இடைவெளி. காற்று போய்வருவதால் மதில் காய்கிறது. கை விட்டுத் தூசு தட்டவும் முடிகிறது.

சட்டத்தில் குறுக்கே ஐந்து கம்பி, ஒவ்வொன்றிலும் பதினாலு சாடி கொளுக்கியில். எல்லாம் ஆறு அங்குலச் சாடி. முதல் சாடியைத் தோட்ட மண்ணால் நிரப்பி நனைத்து, பயணப்பை நிறுக்கும் தராசில் தூக்கினேன். மூன்று கிலோ. எழுபது சாடிக்கு 210 கிலோ! தும்புச்சோறு (தேங்காய் மட்டைத் தூள்) இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, கொஞ்சம் உமிக்கரி கலந்து நனைத்து நிறுத்தால் ஒன்று ஏறக்குறைய 1.8 கிலோ, மொத்தம் 126. அந்தக் கலவைதான் இன்றுவரை.

தும்புச்சோறு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலர் இதைக் கவனிப்பதில்லை. கடையில் விற்கும் ஐந்து கிலோக் கட்டி நீரில் ஊறி எழுபது லீற்றர் அளவுக்குப் பொங்கும். பார்க்க ஆசையாக இருக்கும், உடனே செடி வைக்கத் தோன்றும். ஆனால் தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு. மட்டையை உவர்நீரில் ஊறப்போட்டிருந்தால் அது இன்னும் கூடும். நான் பழைய சாக்கில் போட்டு, நல்ல தண்ணீர் விட்டு, பிழிந்து, திரும்ப விட்டு, நாலு தரம் கழுவினேன். முதல் தரம் வந்த நீர் தேநீர் நிறம். நாலாவது தரம் கிட்டத்தட்டத் தெளிவு. கழுவாமல் போட்ட இரண்டு சாடியில் இலை நுனி கருகியதை வைத்து இதைச் சொல்கிறேன்.

ஜனவரி முடிவில் செடி வாங்க பத்தரமுல்ல தியத்த உயனவுக்குப் போனேன். ராஜகிரிய வழியாகப் போகும்போது கிளியர்பாயிண்ட் தொடர்மாடி தெரியும். மாடிக்கு மாடி சுற்றிவரச் செடி. பஸ் யன்னலால் அதைக் கவனித்துப் பார்த்தேன்: அங்கே ஒவ்வொரு மாடியும் ஒரு தொட்டி, செடி நிமிர்ந்து நிற்கிறது. வேருக்கு இடம் இருப்பதால் அது செழிக்கிறது. என்னுடையது ஆறு அங்குலம். அதற்கேற்ற செடி என்று நினைத்து, நிழலில் வளர்வதையே வாங்கினேன். தொங்கும் பன்னம் (பேர்ன்), கலாத்தியா, பிலோடென்ட்ரன், நடுவில் நிறத்துக்காகக் கொஞ்சம் புரோமிலியாட். ஏனென்றால் மதிலில் நாள் முழுக்க நிழல். நான் டிசம்பரிலும் ஜனவரியிலும் காலை, மத்தியானம், பின்னேரம் என்று பார்த்து எழுதிவைத்திருந்தேன், ஒரு பொட்டு வெயில் விழவில்லை.

பெப்ரவரியும் மார்ச்சும் நான் மறக்கமாட்டேன். பன்னம் ஒன்றோடொன்று பின்னி இரண்டு வரிசைக்கு இடையில் கம்பியே தெரியவில்லை. அம்மா யன்னலடியில் கதிரை போட்டுக் கீரை ஆயத் தொடங்கினார்.

ஏப்ரல் இரண்டாம் கிழமை எல்லாம் எரிந்தது. மேல் வரிசைப் பன்னம் முழுக்க மண்ணிறம், கலாத்தியா சுருண்டு கடதாசி போல. தண்ணீர் காணாது என்று இரண்டு நேரம் விட்டேன், பயனில்லை. புத்தாண்டு விடுமுறையில் மத்தியானம் வெளியே நின்றபோதுதான் கண்டேன், மதிலில் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

காரணம் எளிது, ஆனால் எனக்குத் தோன்றவேயில்லை. எங்கள் மதில் வடக்குப் பார்த்தது. கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 5 முதல் 14, 15 வரை இலங்கைக்கு நேர் உச்சியில் சூரியன் என்று ஒவ்வொரு வருஷமும் செய்தியில் சொல்வார்களே, அதுதான். கொழும்புக்கு அது ஏப்ரல் 7 அளவில். அதன்பிறகு மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே போய், ஜூனில் 16 பாகைவரை சாய்ந்து, செப்டெம்பர் முதல் கிழமையில்தான் திரும்ப உச்சிக்கு வரும். அந்த ஐந்து மாதமும் வடக்குப் பார்த்த மதிலுக்கு வெயில். மிச்ச ஏழு மாதமும் தெற்குப் பார்த்த மதிலுக்கு. நான் ஆசைப்பட்ட பாரிஸ் சுவரும் வடக்குப் பார்த்ததுதான். அங்கே 48 பாகையில், மத்தியான வெயில் வருஷத்தில் ஒருநாளும் அந்தச் சுவரில் விழாது. அந்த ஊரில் நிழல் சுவர் என்றால் மத்தியானத்தில் எப்போதும் நிழல். கொழும்பில் மதிலுக்கு இரண்டு பருவம் உண்டு. யாராவது இங்கே மதிலில் செடி வைக்க நினைத்தால், முதலில் திசைகாட்டியை எடுங்கள், செடியை அப்புறம் வாங்கலாம்.

கொளுக்கியில் தொங்கும் தனிச் சாடிகளாகச் செய்தது அப்போது கைகொடுத்தது. உயிர் இருந்த பன்னம் பதினாலையும் கழற்றிக் குளியலறைப் பக்க நிழலுக்குக் கொண்டுபோனேன். மேல் வரிசைக்கு வெயில் தாங்கும் செடிகளான ரியோவும் சிறு கற்றாழையும் பத்துமணிப்பூவும் வந்தன.

மே மாதம் தென்மேற்குக் காற்று தொடங்கியதும் மதிலின் மேற்கு மூலை தனி ஊராகிவிட்டது. கடல் எங்களிலிருந்து நூற்றைம்பது மீற்றர்தான். காற்றோடு வரும் உப்பு அந்த மூலையில் முதல் ஐந்தாறு சாடிகளில் படிந்து, மெல்லிய இலைகளின் விளிம்பெல்லாம் கருகியது. காற்றடித்த நாட்களில் பின்னேரம் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுகிறேன், வித்தியாசம் தெரிகிறது. கொளுக்கிகள் சாதாரணக் கம்பி. இரண்டு மாதத்தில் துரு ஏறி ஒன்று அறுந்தே விழுந்தது. இப்போது துருப்பிடிக்காத எவர்சில்வர்க் கம்பியில் மாற்றியிருக்கிறேன். சட்டத்துக்கு துருத் தடுப்புப் பெயின்ட் இரண்டு பூச்சு, வெல்டிங் பொருத்துகளில் மூன்று. கடலோரத்தில் இருப்பவர்கள் கம்பியில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகள் விளையாடுவார்கள், சாடி விழுந்தால் பெரிய விபரீதம்.

சாடிக்குள் சுற்றி வைத்த தும்பு விரிப்பைக் காகங்கள் இழுத்துக்கொண்டு போயின, கூடு கட்ட. விரிப்பு இல்லாத சாடிக்கு மாறிவிட்டேன்.

தண்ணீர்தான் எனக்கு அதிகம் நேரம் எடுத்தது. ஹோஸ் பைப்பால் எல்லாச் சாடிக்கும் ஒரேயளவு விட்டுக்கொண்டிருந்தேன். மேலே புதினா வாடியது, கீழே கற்பூரவள்ளி அழுகியது. அம்மா ஒருநாள் யன்னலால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேலைச் சாடிக்கு விடுற தண்ணி எல்லாம் கீழதானே வருது. கீழ வல்லாரையை வையன்." சரி என்று அப்படியே செய்தேன். இப்போது சாடிகள் நேருக்கு நேர் ஒன்றின்கீழ் ஒன்று தொங்குகின்றன. மெல்லிய சொட்டுக் குழாய் மேல் மூன்று வரிசைக்கு மட்டும், காலையில் பத்து நிமிஷம். மேலிருந்து வடிவது கீழ் இரண்டு வரிசைக்குப் போதும். கீழே வல்லாரையும் பொன்னாங்காணியும் புதினாவும், நடுவில் கற்பூரவள்ளியும் மணி பிளாண்டும் ஸ்பைடர் பிளாண்டும். வல்லாரை இப்போது கிழமையில் ஒருநாள் சம்பலுக்குக் காணும். இத்தனை நீர் ஓடினால் சத்தும் ஓடிவிடும், ஆகவே மாதம் ஒருமுறை ஒவ்வொரு சாடிக்கும் ஒரு பிடி கூட்டெரு.

ஜூனில் டெங்குப் பரிசோதனைக்கு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தார். நான் தட்டு வைக்கவில்லை, நீர் தேங்காது என்று நம்பியிருந்தேன். அவர் நேரே புரோமிலியாட்டிடம் போய் இலைக் குவளைக்குள் டோர்ச் அடித்தார். உள்ளே நுளம்புக் குடம்பி. அந்தச் செடியின் இயல்பே நடுவில் நீர் பிடித்து வைப்பது. நாலு மாதமாக நான் அதை ஆசையாக நிரப்பிக்கொண்டிருந்தேன். பொறுமையாக விளக்கிச் சொன்னார்: முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். அன்றே எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அடியில் நீர்த்தொட்டி உள்ள சாடிகள் ஆறு வாங்கியிருந்தேன், அவற்றின் அடியிலும் துளை போட்டேன். படங்களில் புரோமிலியாட் இல்லாத மதில் தோட்டம் குறைவு. ஆனால் கொழும்பில், வீட்டுக்கு எட்டடியில், அதை நான் இனி வைக்கமாட்டேன்.

நண்பர் ஒருவர் சுவரில் ஒட்டிப் படரும் சிற்றத்திக் கொடியை வை, சட்டமே தேவையில்லை என்கிறார். அழகுதான், கொழும்பில் பல மதில்களில் பார்த்திருக்கிறேன். அது வேரால் பூச்சோடு ஒட்டிக்கொள்ளும், பிடுங்கினால் பெயின்டோடு வரும். பொது மதிலில் அதைச் செய்ய எனக்கு மனமில்லை. மணி பிளாண்டையும் இடைவெளி தாண்டி மதிலைத் தொட விடாமல் மாதம் ஒருதரம் வெட்டுகிறேன். வெட்டிய துண்டை வெளியே எறிவதில்லை, ஈரம் கண்ட இடத்தில் வேர்விட்டு மரத்தில் ஏறிவிடும்.

இப்போது ஆகஸ்ட் கடைசி. எழுபது சாடியில் அறுபத்திரண்டில் செடி இருக்கிறது. பக்கத்து வீட்டு அன்ரி தங்கள் பக்கத்துக்கும் ஒரு சட்டம் கேட்டிருக்கிறார். அவருடையது தெற்குப் பார்த்த முகம், எங்களுக்கு நிழல் வரும்போது அவருக்கு வெயில் வரும். செப்டெம்பர் இரண்டாம் கிழமை எங்கள் பத்துமணிப்பூவும் கற்றாழையும் அந்தப் பக்கம் போகின்றன. குளியலறைப் பக்கம் இருக்கும் பன்னம் பதினாலில் பதினொன்று நன்றாகத் துளிர்த்துவிட்டது, அவை மேல் வரிசைக்கு ஏறும். கிழக்கு மூலையில் ஒரு சாடி மட்டும் அம்மா வெற்றிலைக்கு என்று கேட்டு வைத்திருக்கிறார்.