அட்டை கேட்கிற மேஜையில் உட்கார்ந்து பார்த்தவை

ஓட்டுப் போட வருகிறவர்களிடம் அடையாள அட்டை கேட்கத்தான் வேண்டுமா என்று யாராவது கேட்டால், கட்டாயம் கேட்க வேண்டும் என்றுதான் சொல்வேன். அரசுப் பள்ளி ஆசிரியர் என்பதால் தேர்தல் வந்தால் எனக்குப் பணி ஆணையும் வந்துவிடும். முதலில் பி.ஓ. 1 (வருகிறவரை அடையாளம் பார்க்கிற முதல் வாக்குப்பதிவு அலுவலர்), அப்புறம் பூத்துக்கே பொறுப்பான பிரிசைடிங் ஆபீசர் என்று கிராமத்து பூத்திலும் நகரத்து பூத்திலும் இருந்திருக்கிறேன். அந்த மேஜையில் உட்கார்ந்த பிறகுதான் கூடவே சில நிபந்தனைகளும் சொல்லத் தோன்றியது.

பி.ஓ. 1 கையில்தான் மார்க்டு காப்பி, அதாவது வந்தவர்களைக் குறித்துக்கொள்கிற வாக்காளர் பட்டியல், இருக்கும். வருகிறவரின் வரிசை எண்ணையும் பெயரையும் உள்ளே உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜென்ட்டுகள் காதில் விழுகிற மாதிரி சத்தமாகப் படிக்க வேண்டும். யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் சிவப்பு மையில் அடிக்கோடு, பெண் என்றால் கூடவே ஒரு டிக். கிராமத்தில் இந்தச் சத்தமான வாசிப்பே பாதி வேலையை முடித்துவிடும், ஏனென்றால் எதிரெதிர் கட்சி ஏஜென்ட்டுகள் இரண்டு பேருக்கும் வருகிறவர் எந்தத் தெரு, யார் வீட்டு மருமகள் என்பது வரை தெரியும். சந்தேகம் வந்தால் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி, இவர் அவரில்லை என்று சேலஞ்ச் செய்யலாம், பிரிசைடிங் ஆபீசராக நான் அங்கேயே விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். நகரத்து பூத்தில் இதெல்லாம் நடக்காது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த ஒரு பாகத்தில் நான்கு ஏஜென்ட்டுகளும் பெயரைக் கேட்டுத் தங்கள் பட்டியலில் குறித்துக்கொண்டார்களே தவிர, ஒருவரும் வந்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. முகம் தெரியாத ஊரில் அட்டையை விட்டால் வேறு என்ன இருக்கிறது? 1993-ல் டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது புகைப்பட அட்டை கொண்டுவந்ததன் அருமை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஆனால் அட்டை இருந்தும் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு நகரத்து பூத்தில் மதியத்துக்கு மேல் ஓர் இளைஞர் வந்தார். வெளியூரில் வேலை, ஓட்டுக்காகவே இரவு பஸ் பிடித்து வந்தவர். பெயரைப் படிக்கப் போனால் ஏற்கெனவே சிவப்புக் கோடு. ஓட்டுப் போடுகிறவர்கள் கையெழுத்திடுகிற 17ஏ பதிவேட்டைப் புரட்டினால் அந்த வரிசை எண்ணுக்கு எதிரே ஒரு கையெழுத்து, குறிப்புப் பத்தியில் 'இ.பி.' என்று இரண்டே எழுத்து. வாக்காளர் அட்டை காட்டியவருக்கு அவ்வளவுதான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வேறு ஆவணம் காட்டினால் அதன் கடைசி நான்கு எண்களை எழுதுவோம், காலையில் கையெழுத்துப் போட்டவருக்கு அதுகூட இல்லை. அது யார், கள்ள ஓட்டா, வேறு குழப்பமா என்று கண்டுபிடிக்க அந்தப் பதிவேட்டில் ஒரு நூல் கிடைக்கவில்லை. இளைஞரின் அட்டையும் முகமும் சரியாக இருந்தன. தன் பெயரில் ஏற்கெனவே யாரோ ஓட்டுப் போட்டுவிட்டால் 49P விதிப்படி தருகிற டெண்டர் ஓட்டுச் சீட்டைக் கொடுத்தேன். முத்திரை குத்தி மடித்துக் கொடுத்துவிட்டு, "சார், இதை எண்ணுவாங்களா?" என்று கேட்டார். வழக்கமான எண்ணிக்கையில் சேராது, வழக்கு என்று போய் நீதிமன்றம் சொன்னால்தான் கவரைப் பிரிப்பார்கள் என்று உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. 2016-ல் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசமே 49 ஓட்டுதான், அப்படியிருக்க ஒரு ஓட்டுதானே என்று யாரிடம் சொல்ல முடியும்? வாக்காளர் அட்டைக்கும் கடைசி நான்கு எண்களை எழுத வைப்பதில் என்ன சிரமம் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு கிராமத்தில் வயதான அம்மா ஒருவர் ரேஷன் கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று வந்தார். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் அதைத்தானே கேட்கிறார்கள், அதையே கொண்டு வந்துவிட்டார். ஆணையம் ஏற்கிற மாற்று ஆவணங்களின் பட்டியலில் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, போட்டோ ஒட்டிய வங்கிப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை எல்லாம் உண்டு, ரேஷன் கார்டு கிடையாது. இரண்டு கட்சி ஏஜென்ட்டுகளும் "அவங்கதான் சார், எங்களுக்குத் தெரியும்" என்றார்கள், ஆனாலும் ஆவணம் இல்லாமல் விட முடியாது. வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டதில், நூறு நாள் வேலை அட்டை இருப்பது தெரிந்தது. பேரன் ஓடிப்போய் எடுத்து வந்தான். அட்டை இல்லை, போங்கள் என்று ஒரு வார்த்தையில் அனுப்பியிருந்தால் வெயிலில் அவர் திரும்பி வந்திருக்கவே மாட்டார். அட்டை கேட்கிற அரசு, எதெல்லாம் செல்லும் என்பதைத் தேர்தலுக்கு முன்பே வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும், அந்தப் பொறுப்பை வாக்காளர் தலையில் கட்டக் கூடாது. பிரிட்டனில் 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் முதல்முறையாகப் போட்டோ அடையாளம் கேட்டபோது சுமார் 14,000 பேர் ஓட்டுப் போடாமலே திரும்பினார்கள் என்று அவர்களுடைய தேர்தல் ஆணையமே கணக்குச் சொன்னது. அங்கே எல்லோருக்கும் பொதுவான தேசிய அடையாள அட்டை என்று ஒன்று கிடையாது. நம்மிடம் ஆதாரும் வாக்காளர் அட்டையும் அநேகமாக எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அதனால்தான் இங்கே தைரியமாகக் கேட்கலாம் என்கிறேன்.

உண்மையில் என் மனதை அதிகம் அறுப்பது கையில் அட்டையோடு வந்து பட்டியலில் பெயர் இல்லாதவர்கள்தான். அட்டை இருந்தால் ஓட்டு உண்டு என்றே பலர் நம்புகிறார்கள். போன தடவை இதே பள்ளிக்கூடத்தில் போட்டேனே என்பார்கள். நான் பார்த்த வரையில் அட்டை இல்லாமல் திரும்பியவர்களைவிட, அட்டை இருந்தும் பெயர் இல்லாமல் திரும்பியவர்கள் அதிகம். அவர்களுக்கு டெண்டர் ஓட்டும் கிடையாது, நான் எழுதிக் கொடுக்கவும் ஒன்றும் கிடையாது. இறந்தவர், இடம் மாறியவர் பெயர்களை நீக்கத்தான் வேண்டும், அவைதான் கள்ள ஓட்டுக்குத் தீனி. ஆனால் 2025 டிசம்பரில் தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டபோது, அதில் தவறாகப் போன பெயர் ஒன்று இருந்தாலும் அவர் அட்டையை நீட்டப் போவது என் மாதிரி ஒருவரிடம்தான் என்ற நினைப்பு வந்தது. அதனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டில் எல்லார் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து வரச் சொன்னேன், இல்லாதவர்களுக்குப் பெயர் சேர்க்கிற படிவம் 6 நிரப்பிக் கொடுத்தேன்.