கொதிக்க வெச்சா போகாத ஒண்ணு

தர்மபுரில தண்ணி டெஸ்ட் பண்ற ஒரு லேப்ல கொஞ்ச வருஷம் வேலை பார்த்தேன். நம்ம ஊர் தண்ணில இருக்கற ஃப்ளோரைடு, அளவு மீறினா பல்லக் கெடுக்கற ஒரு உப்பு, எந்த ஃபேக்டரிலருந்தும் வர்றதில்ல, பூமிக்கடில இருக்கற பாறைலருந்தே போர் தண்ணில கரைஞ்சு வருது. கலரும் இல்ல, வாடையும் இல்ல, ருசியும் மாறாது.

சேர்ந்த புதுசுல டவுன் ஓரத்துலருந்து ஒரு அண்ணன் போர் தண்ணி கொண்டு வந்தார். "கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க தம்பி, இதுல என்ன இருக்கப் போவுது"ன்னார். ஃப்ளோரைடு அளக்கற எலக்ட்ரோட வெச்சுப் பார்த்தா லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல காட்டுது. இந்திய ஸ்டாண்டர்டு படி 1 வரைக்கும்தான் இருக்கணும், வேற தண்ணிக்கு வழியே இல்லன்னா 1.5. ரிப்போர்ட்ட கையில குடுத்து "லிமிட்டுக்கு மேல இருக்குண்ணா, பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பாட்டில எடுக்கப் போயிட்டேன், அவ்ளோதான் நான் அவருக்கு சொன்னது.

ஏழெட்டு மாசம் கழிச்சு மறுபடி வந்தார், கூட அவர் பொண்ணு, ஆறு ஏழு வயசிருக்கும். "நீங்க சொன்னதுலருந்து நல்லா கொதிக்க வெச்சுதான் குடுக்கறோம் தம்பி, இப்ப எப்டி இருக்குன்னு பாருங்க"ன்னார். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. கொதிக்க வெச்சா கிருமி சாகும், ஆனா ஃப்ளோரைடு ஆவியோட போகாது, தண்ணி சுண்டச் சுண்ட அதோட அளவு ஏறத்தான் செய்யும். அந்தப் பாப்பா சிரிச்சப்ப புதுசா முளைச்ச முன்பல்லுல சுண்ணாம்பு தடவுன மாதிரி வெள்ளைக் கோடு. அந்தப் பல்லு ஈறுக்குள்ள உருவானது அவர் என்கிட்ட வர்றதுக்கு ரொம்ப முன்னாடின்னு எனக்குத் தெரியும், ஆனா வீட்ல ரெண்டு வயசுல இன்னொரு பையன் இருக்கான்னு சொன்னார் பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல, எட்டு வயசு வரைக்கும்தானே நிரந்தரப் பல்லு உள்ள உருவாகிட்டு இருக்கும்.

அன்னிக்கு அவர உக்கார வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். பிளீச்சிங் பவுடர் போட்டாலும் போகாது, துணில வடிகட்டுனாலும் போகாது, கடைக்காரர் பேனா மாதிரி ஒரு மீட்டர முக்கிக் காட்டுவாரே டிடிஎஸ், அது மொத்த உப்பத்தான் காட்டும், அதுல ஃப்ளோரைடு எவ்ளோன்னு பிரிச்சுச் சொல்லாது. ஆர்.ஓ. மெஷின் குறைக்கும், ஆனா அவர் தெருவுலயே ஒகேனக்கல் குழாய் இருந்துச்சு. ஜப்பான் கடனுதவியோட கட்டி 2013ல தொடங்குன திட்டம், இந்த ஃப்ளோரைடுக்காகவே வந்தது. "அதுல மருந்து வாடை அடிக்குது தம்பி, பாத்திரம் கழுவத்தான் வெச்சுக்கறோம்"னார். பல வீட்ல இதே கதைதான், நல்ல தண்ணில பாத்திரம், போர் தண்ணில குழந்தைக்கு பால். அந்த வாடை குளோரின், குழாய் முனைல லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருந்தாதான் வர்ற வழில கிருமி சேராது, குடத்துல புடிச்சு சுத்தமான துணி கட்டி ராத்திரி வெச்சா காலைல பெருசா தெரியாதுன்னு சொன்னேன்.

"அப்ப சோறாக்க?"ன்னு கேட்டார். அதுக்கும் குழாத்தண்ணிதாண்ணா, அரிசி குடிக்கற தண்ணியும் வயித்துக்குள்ளதானே போவுதுன்னேன்.

அதுக்கப்புறம் ஃப்ளோரைடு அதிகமா வந்த ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்குப் பின்னாடியும் பேனாவுல தமிழ்ல எழுதித்தான் குடுத்தேன்: குடிக்க வேணாம், சமைக்க வேணாம், கொதிக்க வெச்சாலும் போகாது, துணி துவைக்கலாம், குளிக்கலாம். படிக்கத் தெரியாதவங்களுக்கு வாய்விட்டு ரெண்டு தடவ சொன்னேன்.

அடுத்த வாரமே அவர் குழாத்தண்ணி புடிச்சுட்டு வந்தார். ஃப்ளோரைடு ஒண்ணுக்கு ரொம்பக் கீழ. அவர் பக்கத்துலயே நின்னு மீட்டரப் பார்த்துட்டிருந்தார்.