பூட்டிய பீரோவுக்குள் இருந்த இன்ஹேலர்

ஆஸ்துமா என்றால் மூச்சு விசில் போல இழுக்கும், அந்தச் சத்தம் நின்றுவிட்டால் பிள்ளை தேறிவிட்டது என்றுதான், காரைக்குடிப் பக்கத்துப் பள்ளியொன்றில் ஆறாம் வகுப்பு எடுத்த நானும் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

ஒரு மார்கழிக் காலையில், பனியில் மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்த மாணவன் ஒருவன், பெஞ்சில் இரு கைகளையும் ஊன்றி, தோள்கள் ஏறி இறங்க, கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்து விழுந்து எழ உட்கார்ந்திருந்தான். "தண்ணி குடிச்சியா?" என்றேன். "குடி... ச்சேன்... டீச்சர்" என்று ஒரு சொல்லை மூன்றாக உடைத்துச் சொன்னான். சத்தம் ஏதும் இல்லாததால், களைப்பு என்று எண்ணி, தலையைக் கவிழ்த்துப் படுக்கச் சொன்னேன். செய்யக்கூடாததைத்தான் செய்தேன், மூச்சுத் திணறும் பிள்ளையை நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். அவனுடைய இன்ஹேலரோ அலுவலக பீரோவில் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் வங்கிக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து மருந்து கொடுத்த பிறகே அவன் முகம் தெளிந்தது.

மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, சளியும் அடைத்துக்கொள்வதுதான் இளைப்பு. அடைப்பு முற்றினால் சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று உள்ளே போகாது என்பதை, அதாவது அமைதியே ஆபத்தின் அடையாளமாக இருக்கலாம் என்பதை, அன்று மாலை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். திணறும் நேரத்தில் எடுக்கும் இன்ஹேலரில் உள்ள சால்பூட்டமால் என்ற மருந்து, இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். ஸ்டீராய்டு இன்ஹேலர் வீக்கத்தை மெல்லக் குறைப்பதால் அதை வீட்டில் தினமும் எடுக்க வேண்டும், திணறும் நேரத்தில் அதை மட்டும் நம்பிப் பயனில்லை. இரண்டும் ஒன்றே என்று நினைக்காத ஆசிரியரை எங்கள் ஓய்வறையில் நான் பார்த்ததில்லை. இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குழாய் போன்ற ஸ்பேசர் இல்லாமல் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும் என்பதும் எங்களுக்குப் புதுச் செய்தி.

இளைப்பைக் கிளப்புவது என்று நாங்கள் அறிந்திருந்ததெல்லாம் சாக்பீஸ் தூள் மட்டுமே. பிள்ளையை முதல் பெஞ்சிலிருந்து மாற்றியதோடு கடமை தீர்ந்ததாக நினைத்தோம். ஆனால் ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்து, முன்னோர் வழிபாடான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும், தூசி படிந்த பெரிய வீடுகளின் உள்முற்றமான வளவிலும் கூடமான பட்டாலையிலும் இரண்டு நாள் ஓடியாடிவிட்டுத் திங்கட்கிழமை இருமிக்கொண்டே வரும் பிள்ளைகளை இந்த ஊரில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! சளிக்காய்ச்சல், போகிப் புகை, குளிர்காற்றில் ஓட்டம் ஆகியவையும் இளைப்பைக் கிளப்பும். அதற்காக விளையாட்டையே நிறுத்துவது, என் பார்வையில், பிள்ளைக்குத் தரும் தண்டனை. நோய் கட்டுக்குள் இருந்தால் தாராளமாக ஓடலாம்.

மறுநாள் அவனுடைய அப்பத்தா வந்தார். "அந்தப் பம்பு பழகிட்டா ஆயுசுக்கும் விடாதுன்னு சொல்றாகளே டீச்சர்?" என்று தயங்கினார். அது போதை அல்ல, மருந்தின் அளவும் மிகக் குறைவு, ஓர் அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம்தான் என்றேன். அரைமனதோடு தலையாட்டினார்.

இப்போது பெயர் எழுதிய துணிப்பையில் இன்ஹேலரும் ஸ்பேசரும் அவனுடனேயே இருக்கின்றன. மருந்து கொடுத்தும் மூச்சு சீராகாவிட்டால் அழைக்க வேண்டிய 108-ஐயும் பையின் மேலேயே எழுதியிருக்கிறோம். பி.டி. சார் விசிலை எடுப்பதற்கு முன், "பை எங்கேடா?" என்று கேட்கிறார்.