நெல் நாற்றின் வேரில் எழும் ரோஜா நிறம்

ஒரே ரக நெல்லை இரண்டு தொட்டிகளில் முளைக்க வைத்து, ஒன்றுக்கு நைட்ரேட்டையும் மற்றொன்றுக்கு அம்மோனியத்தையும் தழைச்சத்தாகக் கொடுத்து வளர்த்து, பத்தாம் நாள் இரண்டின் வேர்களையும் சோதிக்கும் பயிற்சியை ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்குச் செய்து காட்டுகிறேன். வேரைக் கழுவிச் சிறு துண்டுகளாக நறுக்கி, நைட்ரேட் கலந்த பாஸ்பேட் கரைசலில் அரை மணி நேரம் இருட்டில் வைத்திருந்து, பிறகு கரைசலில் கசிந்திருக்கும் நைட்ரைட்டோடு சேர்ந்து நிறம் தரும் வேதிப்பொருள்களை விட வேண்டும். நைட்ரேட் உண்டு வளர்ந்த வேரின் சோதனைக்குழாயில் ரோஜா நிறம் மெல்ல எழுகிறது. மற்றக் குழாய் ஏறக்குறைய தண்ணீராகவே நிற்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நிறம் ஏறும் நொடியில் என் மனம் பூரிக்கிறது.

நைட்ரேட்டிலிருந்து ஓர் ஆக்சிஜனை நீக்கி நைட்ரைட்டாக ஒடுக்கும் நைட்ரேட் ரிடக்டேஸ் என்னும் நொதியின் வேலை இது. வேர் இந்த நொதியைப் பெரிதாகச் சேமித்து வைப்பதில்லை. நைட்ரேட் உள்ளே நுழைந்த சில மணி நேரத்தில் அதற்குரிய மரபணு முடுக்கப்பட்டுப் புரதம் புதிதாகக் கட்டப்படுகிறது. நைட்ரேட் தீர்ந்தால் நொதியும் சிதைந்து குறைகிறது. அதுவரை பெரும்பாலும் நுண்ணுயிர்களை வைத்தே பேசப்பட்டு வந்த இந்தத் தூண்டலை, 1957-இல் டாங், வூ என்ற சீன ஆய்வாளர்கள் நெல் நாற்றுகளிலேயே கண்டு 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். நொதியின் மையத்தில் மாலிப்டினம் என்னும் உலோகம் இருப்பதால், அதற்குப் பதிலாக அதை ஒத்த டங்ஸ்டனைக் கொடுத்தால், எவ்வளவு நைட்ரேட் ஊற்றினாலும் செயலற்ற புரதமே உருவாகும்.

நிறம் எழாத வேர் சும்மா இருப்பதாக மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அதை நான் உடனே திருத்துவேன். அம்மோனியம் திசுவில் தேங்கினால் நஞ்சு என்பதால், குளூட்டமின் சிந்தட்டேஸ் என்னும் நொதி அதைக் குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்துடன் பிணைத்துக் குளூட்டமினாக்க, குளூட்டமேட் சிந்தேஸ் என்னும் நொதி அந்தக் குளூட்டமினிலிருந்து மீண்டும் குளூட்டமேட்டை உண்டாக்கித் தருகிறது. அம்மோனியம் கிடைத்த சில மணி நேரத்தில் இந்த இரண்டாம் நொதி, நெல் வேரின் மேல்தோலிலும் அதை ஒட்டிய செல் அடுக்கிலும் பெருகுவதை ஜப்பானிய ஆய்வுகள் காட்டியுள்ளன. வந்த அம்மோனியத்தை வாசலிலேயே வாங்கிக் கட்டிவிடும் ஏற்பாடு அது.

நீர் தேங்கிய வயலில் அம்மோனியமே மிகுதி. ஆனால் வேரிலிருந்து கசியும் ஆக்சிஜனைக் கொண்டு அங்குள்ள பாக்டீரியங்கள் அதில் ஒரு பகுதியை நைட்ரேட்டாக்கிவிடுகின்றன. ஆகவே நட்ட நாற்றின் வேரில் இரண்டு நொதி வரிசைகளுக்கும் வேலை இருக்கிறது.