அம்மாவின் 1.0, என்னுடைய 1.0

மார்ச் 3
ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க உதவும் கிரியேட்டினின் எனக்கும் 1.0, அம்மாவுக்கும் 1.0. "உன்னை மாதிரியேதான்டா எனக்கும் இருக்கு" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு வயது 30, அவருக்கு 70.

ஹீமோகுளோபின் எனக்கு 12.6, அம்மாவுக்கு 12.4. ஆனால் என்னுடையது மட்டும்தான் தடித்த எழுத்தில் இருக்கிறது.

மார்ச் 5
ஹீமோகுளோபின் குழப்பம் தீர்ந்தது. 13-க்குக் கீழே போனால் ஆணுக்கு ரத்தசோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அந்தக் கோடு 12. ஆண்களிடம் அதிகம் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுகிறது. அதனால்தான் இரண்டு கோடுகள். காரணம் தேட எனக்கு ஃபெரிட்டின், அதாவது உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் அளவு, பார்க்க வேண்டும்.

மார்ச் 8
டாக்டர் என் தாளைச் சீக்கிரம் வைத்துவிட்டார். அம்மாவின் தாளில்தான் நின்றார்.

கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. வயதாகித் தசை குறைந்தால் கழிவும் குறைவாகவே உருவாகும்; சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் எண் அவ்வளவாக ஏறாது. வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். சிறுநீரக வடிகட்டும் திறன் எனக்குச் சுமார் 104, அம்மாவுக்குச் சுமார் 61. மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்களாம். அந்த 61-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு வரியையும் ஆய்வகம் அச்சிட்டிருக்கலாம். அச்சிட்டே ஆக வேண்டும்.

அப்புறம் எடை. பத்து வருடமாக 58 கிலோ, கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று அம்மாவுக்குப் பெருமை. "கையைக் கட்டிக்கிட்டு நாற்காலியிலிருந்து எழுந்திருங்கம்மா" என்றார் டாக்டர். அம்மா முன்னால் சாய்ந்தார், பாதி எழுந்தார், தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் முறை கை தானாகவே பிரிந்து நாற்காலியின் பிடியைத் தேடியது. தசை போன இடத்தில் கொழுப்பு சேர்ந்தாலும் எடை இயந்திரம் அதே 58-ஐத்தான் காட்டும். மாதவிடாய் நின்றபின் கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர்வதும் உண்டு.

மார்ச் 9
மூட்டு வலிக்கு மாத்திரை போடுகிறாரா என்று டாக்டர் நேற்று கேட்டபோது, "எப்பவாவது" என்றார் அம்மா. இன்று டப்பாவைத் திறந்தேன். பத்து மாத்திரை அட்டையில் ஒன்றுதான் மிச்சம். சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஆகாது. அட்டையைப் படமெடுத்து டாக்டருக்கு அனுப்பியிருக்கிறேன். மறுபரிசோதனை ஜூன் மாதம்.