சென்சாரில் ஒட்டிய தனுஷ்கோடி உப்பு

நேற்று விடியற்காலை ஏழாவது ஸ்வாபில்தான் (கேமரா சென்சாரைத் துடைக்கிற துணிமுனைக் குச்சி) அந்த உப்பு விட்டது. படத்தில் விழுந்த பதினொரு புள்ளிகளில் ஒன்பது காலி. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மீதி இரண்டைப் பற்றி அப்புறம்.

ஆனி மாதம் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போயிருந்தேன். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) ஆளைத் தள்ளுகிறது, ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் அலை எழும்பி அடிக்கிறது. மேகம் நன்றாகக் கூடியிருந்தது. டெலி ஜூமைக் கழற்றிவிட்டு வைடு லென்ஸை அங்கேயே, கடலைப் பார்த்து நின்றபடியே மாட்டினேன். பத்து விநாடிகூட இருக்காது. காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான்தான்.

அதன்பிறகு எடுத்த பறவைப் படங்களில் எதுவும் தெரியவில்லை. எஃப் 5.6-இல், லென்ஸ் துளையை அகலமாகத் திறந்து எடுத்தால் சென்சார் அழுக்கு எங்கே தெரியும்? இரண்டு வாரம் கழித்துப் பாம்பனில் புதுப் பாலத்தின் தூக்குப் பகுதியை எஃப் 16-இல், துளையைச் சுருக்கி எடுத்தபோதுதான் வானம் முழுக்க அம்மை போட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து எஃப் 22, ஐஎஸ்ஓ 100, ஃபோகஸைக் கலைத்துவிட்டு லேப்டாப்பின் வெள்ளைத் திரையை, கேமராவை ஆட்டி ஆட்டி எடுத்துப் பார்த்தேன். பதினாறு புள்ளிகள்.

ப்ளோவரில் (காற்று ஊதுகிற ரப்பர் பந்து) ஐந்து போயின. மீதி பதினொன்றும் ஆணி அடித்த மாதிரி. தூசு போகக் கேமராவே சென்சாரை உதறுமே, அதற்கும் அசையவில்லை. மதுரையில் ஒரு கடையில் கொடுத்தேன். 900 ரூபாய் வாங்கிக்கொண்டு, பதினொன்றையும் பத்திரமாக வைத்து, கூடவே ஒரு நூல் இழையையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இழை ஊதினதும் போய்விட்டது. 900 ரூபாய் போனது போனதுதான்.

சரி, நாமே பார்ப்போம் என்று 16 மி.மீ. ஸ்வாபும் மெத்தனால் திரவமும் வரவழைத்தேன். (மெத்தனால் ஆல்கஹால் வகை, விஷம், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பூட்டி வையுங்கள்.) மூன்று ஸ்வாப் தீர்ந்தது, ஒரு புள்ளிகூடப் போகவில்லை. ஒன்று மட்டும் லேசாக இழுபட்டு வால் முளைத்த மாதிரி ஆனது. பெரிதாக்கிப் பார்த்தால் இவை வழக்கமான தூசு மாதிரியும் இல்லை. நடுவில் கருப்பு, சுற்றி ஒரு வளையம்.

விடையைச் சொன்னது வீட்டம்மா. "கடற்கரைக்குப் போய்ட்டு வந்தா மூக்குக்கண்ணாடியத் தண்ணியில கழுவுறீங்க. இத மட்டும் ஏன் சாராயத்துல கழுவுறீங்க?"

தலையில் அடித்துக்கொண்டேன். தெறித்த கடல்நீர்த் துளி காய்ந்த உப்பு அது. 100 கிராம் தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்பு கரையும். அதே அளவு மெத்தனாலில் ஒன்றரை கிராம் கரைந்தால் பெரிது. நான் வருஷம் முழுக்கத் தேய்த்தாலும் அதற்கு வலிக்காது.

அடுத்தது எந்தத் தண்ணீர் என்ற கேள்வி. மெக்கானிக் கடையில் பேட்டரித் தண்ணீர் வாங்கி, பழைய கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுக் காயவிட்டேன். வெள்ளை வளையம். அது வேண்டாம். மருந்துக்கடையில் ஊசி மருந்து கலக்குகிற தண்ணீர் கேட்டேன். "யாருக்குண்ணே ஊசி?" என்றார். கேமராவுக்கு என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அது காய்ந்த இடத்தில் தடமே இல்லை.

இந்தத் தண்ணீர் ஸ்வாபுதான் என்னைப் படுத்தியது. மெத்தனால் என்றால் இரண்டு சொட்டு விட்டு இழுத்துவிடலாம், பின்னாலேயே காய்ந்துவிடும். அதே கணக்கில் தண்ணீர் விட்டேன். சென்சாரின் வலது ஓரத்தில் கோடு மாதிரி நீர் கட்டி நின்றது. ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிட்டால் கேமராவை மறந்துவிட வேண்டியதுதான். மெத்தனால் ஸ்வாபை அந்த ஓரத்தில் ஒற்றி எடுத்தேன், கை நடுங்கிக்கொண்டே. அந்த இரண்டு ஸ்வாபும் போக மிஞ்சிய ஸ்வாப்களில் கணக்கை மாற்றினேன். ஒரே சொட்டு, முனையின் நடுவில். ஒரு நிமிஷம் ஊற விட வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க, வீணான ஸ்வாபில் அதே மாதிரி நனைத்துக் கண்ணாடியில் இழுத்துப் பார்த்தேன். மூச்சு பட்ட மாதிரி படலம் விழுந்து, இரண்டு விநாடியில் மறைந்தால் சரி. சென்சாரில் வேகமாக இழுக்கக் கூடாது, உப்பு கரைய நேரம் கொடுத்து, ஐந்து விநாடியில் ஒரு இழுப்பு. உடனே அடுத்த கையில் மெத்தனால் ஸ்வாப். இடையில் காய விட்டால் கரைந்த உப்பு அங்கேயே மறுபடி படியும்.

மின்விசிறியை நிறுத்தி வைத்துக்கொண்டு மண்டபம் ஊரில் இந்த வேலை செய்வது தனி அவஸ்தை. நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் வியர்வைச் சொட்டில் இன்னொரு உப்புப் புள்ளி. விடியற்காலை நாலரைக்கு வைத்துக்கொண்டதும் அதனால்தான்.

இடம் கண்டுபிடிப்பதில் ஒரு குறிப்பு: படத்தில் மேலே இருப்பது சென்சாரில் கீழே. ஆனால் முன்பக்கமிருந்து பார்க்கும்போது இடது இடதுதான். இரண்டையும் திருப்பிப் போட்டு ஒரு மணி நேரம் தப்பான மூலையைத் தேடியிருக்கிறேன்.

மிஞ்சிய இரண்டும் படத்தின் வலது மேல் மூலையில். தண்ணீருக்கும் மசியவில்லை, மெத்தனாலுக்கும் மசியவில்லை. ஷட்டர் எண்ணெயாக இருந்தால் மெத்தனாலுக்குக் கொஞ்சமாவது இழுபட்டிருக்கும். மணல் துகள் கீறிய கீறலாக இருந்துவிடுமோ என்றுதான் வயிற்றைக் கலக்குகிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ், சென்சாரின் மேல் இருக்கும் கண்ணாடியைவிடக் கடினம். ஸ்வாபுக்கு முன்னால் நன்றாக ஊதினேன்தான், ஆனால் அந்த மதுரைக் கடைக்காரர் ஊதினாரா? கடிகாரம் பழுது பார்க்கிற அண்ணனிடம் கண்ணில் செருகும் லென்ஸைக் கேட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை தருகிறேன் என்றார்.

அதற்குள் தேவிபட்டினம் போய் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தை என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) போட்டு நீள எக்ஸ்போஷரில் எடுக்க ஆசை. வைடு லென்ஸை வீட்டிலேயே மாட்டிக்கொண்டுதான் கிளம்புவேன். லென்ஸின் பின்மூடியை நேற்று சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தேன், தண்ணீரின் அடியில் மணல் தங்கியிருந்தது.